பெரிய டிரம்

பள்ளிக்கூட பேண்ட் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சத்தம் இல்லை, காத்திருப்பு. சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வருவதாக அழைப்பிதழில் போட்டிருக்கும். கார் பத்தேகாலுக்குத்தான் வரும். அதுவரை வெள்ளைச் சட்டையும் குறுக்குப் பட்டையும் இடுப்பில் டிரம்முமாகப் பிள்ளைகள் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள். கார் நுழைந்ததும் இரண்டு நிமிடம் அடிப்பார்கள். விருந்தினர் கொடிக்கம்பத்தைப் பார்த்து நடப்பார். தலைமை ஆசிரியர் அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே கூடப் போவார். தாளத்தை யாரும் கேட்பதில்லை.

நான் படித்த பள்ளியில் பேண்டுக்கு ஆள் எடுக்கும் முறை ரொம்ப எளிமையானது. ரேங்க் பட்டியலின் கீழ்ப்பாதியிலிருந்து எடுப்பார்கள். மேல்பாதி கிளாஸைத் தவறவிடக் கூடாதல்லவா. நான் மேல்பாதியில் இருந்தவன். அதனால் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் ஒரு டிரம் குச்சியைக்கூடத் தொட்டதில்லை. பிறகு இன்ஜினியரிங், பிறகு ஐ.டி. வேலை.

இப்படிப்பட்ட நான் 2025 ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக ஐந்து சனிக்கிழமைகள் ஒரு பேண்டுக்கு சார் ஆனேன்.

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. பெயர் வேண்டாம். எங்கள் கம்பெனியிலிருந்து நானும் இன்னொரு தோழியும் எட்டாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் சொல்லித்தரப் போயிருந்தோம். முதல் சனிக்கிழமையே தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. பேண்ட் மாஸ்டர் ஆடி முடியற வரைக்கும் வரமாட்டாரு. பி.டி. சார் போஸ்ட் காலியா இருக்கு. ஆகஸ்ட் பதினஞ்சு வருது."

"மேடம், எனக்கு மியூசிக் ஒண்ணுமே தெரியாதே."

"நீங்க கூட நின்னா போதும். பெரியவங்க ஒருத்தர் இல்லாம பசங்கள கிரவுண்டுக்கு அனுப்ப முடியாது. அவங்களுக்கே எல்லாம் தெரியும். நீங்க இன்ஜினியர்தானே, ஒண்ணு ரெண்டு மூணு எண்ண வரும்ல?"

எண்ண வரும். தோழி கம்ப்யூட்டர் லேபுக்குப் போனாள், நான் கிரவுண்டுக்கு இறங்கினேன்.

மாஸ்டர் ஏன் ஆடியில் வரமாட்டார் என்பது ராயப்பேட்டையைச் சுற்றி ஒரு நடை போனால் புரிந்துவிடும். தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கூழ் ஊற்றுகிறார்கள், பால்குடம் போகிறது. கல்யாணம் இல்லாத மாதத்தில் பேண்ட் செட்டுக்கு அம்மன்தான் படியளக்கிறாள். பள்ளி அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. வந்த நாளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது. யாராயிருந்தாலும் ஊர்வலத்துக்குத்தான் போவார்கள். தமிழ்நாட்டில் இது ஒரு பள்ளியின் கதை இல்லை. அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் போன்ற பாடங்களுக்காக 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் உட்கார்ந்த போராட்டப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரீட்சையில் மார்க் வராத பாடத்துக்கு வாத்தியாரும் பகுதிநேரம்தான்.

இரும்பு பீரோவிலிருந்து வாத்தியங்கள் வெளியே வந்தன. ஆறு சைட் டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி சிம்பல் (பிள்ளைகள் மொழியில் ஜால்ரா), ஒரு ட்ரையாங்கிள், நான்கு பியூகிள். பியூகிளில் இரண்டுக்கு வாய் வைத்து ஊதும் பகுதி இல்லை, ஆக ஊதக்கூடியவை இரண்டு. பியூகிள் பாவப்பட்ட வாத்தியம். விரலுக்கு வேலையே கிடையாது, உதட்டை இறுக்கித் தளர்த்தி நாலைந்து ஸ்வரம்தான் வாங்க முடியும். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் மூன்று வாங்குவான். மூன்றாவது வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மொத்தம் பதினொரு பேர். அவர்கள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருவரையொருவர் வாத்தியத்தின் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பதால் எனக்கும் அதுவே வசதி. சைட் டிரம் முதல் வரிசையில் இரண்டு பெண்கள். பெரிய டிரம், எட்டாம் வகுப்பு, ஒல்லி. டிரம்மை மாட்டிக்கொண்டால் முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு கால்களும் ஒரு தலையும்தான் தெரியும்.

டிரம்களில் இரண்டு தொளதொளத்துப்போயிருந்தன. ஓரத்துத் திருகாணிகளை முறுக்கும் சாவி தொலைந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதைக் கடையில் வாங்கப் போனபோதுதான் யோசித்தேன்: 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இதோ மவுண்ட் ரோட்டில், இந்தப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பதினொரு பேரில் ஒருவரும் அந்தக் கடைக்குள் போனதில்லை. "வெளிய பியானோ தெரியும் சார், ஏ.சி. கடை" என்றாள் சைட் டிரம் பெண்களில் ஒருத்தி.

முதல் நாள் அவர்களையே அடிக்கச் சொல்லிவிட்டு போனில் பதிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அளப்பது. லேப்டாப்பில் ஆடாசிட்டியைத் திறந்து அந்தப் பதிவை அலையாக விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு அடியும் ஒரு முள் மாதிரி நிற்கும். முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளிதான் தாளம். மாணவர் அணிவகுப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி, அதாவது அரை நொடிக்கு ஒரு கால். இவர்கள் 112-இல் ஆரம்பித்து முடிக்கும்போது 131-இல் இருந்தார்கள். பதினொரு தலைகள் திரையின் மேல் கவிழ்ந்தன. "ஏய், இங்க பாரு, இது நீ. எவ்ளோ முன்னாடி ஓடிட்ட பாரு." அதற்குப் பிறகு என்னை யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை. பாட்டு தெரியாத சாருக்குப் பாட்டின் எக்ஸ்ரே எடுக்கத் தெரிகிறது என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இரண்டாவது சனிக்கிழமைதான் நிஜமான பிரச்சினை தெரிந்தது. பேண்டுக்குப் பின்னால் நான்கு ஹவுஸ் பிள்ளைகளும் வரிசையாக நடக்க வேண்டும். முன்னால் கால்கள் சரியாக விழுகின்றன. நடுவில் கொஞ்சம் கலைகிறது. கடைசியில் அது அணிவகுப்பே இல்லை, ஜாம் பஜார் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மேடையில் நின்று பார்த்தால் கால்கள் ஒரு அலை மாதிரிப் பின்னோக்கிப் போகின்றன. டீச்சர்கள் கடைசி வரிசையைத் திட்டினார்கள். கடைசி வரிசை எப்போதும்போலத் திட்டு வாங்கிக்கொண்டது.

எனக்கு அந்த அலையைப் பார்த்ததும் குஷியாகிவிட்டது. இது எங்கள் ஆபீஸ் வியாதி. ஒரு கம்ப்யூட்டர் சொல்வது இன்னொன்றுக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும், அதற்குள் இரண்டுக்கும் 'இப்போது' என்பதே வேறாகிவிடும். லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை எங்கள் தொழிலில் இன்றும் படிக்கச் சொல்வார்கள். கிரவுண்டில் நடப்பதும் அதேதான். சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. பேண்டிலிருந்து 34 மீட்டர் பின்னால் நடக்கிற பிள்ளைக்கு அடி 0.1 நொடி கழித்துத்தான் கேட்கும். அரை நொடிக்கு ஒரு கால் என்றால் அவள் ஐந்தில் ஒரு பங்கு கால் பிந்திவிட்டாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் கால் வைக்கிறாள். போதாததற்கு மூன்று பக்கமும் மூன்று மாடிக் கட்டடம். சுவரில் பட்டுத் திரும்புகிற அடி இன்னும் தாமதமாக வருகிறது.

கரும்பலகை இல்லாததால் மண்ணில் குச்சியால் இதையெல்லாம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். பெரிய டிரம் நடுவில் புகுந்தான்.

"சார், காதால கேட்டா லேட்டாதான் சார் வரும். கையப் பாக்கணும்."

"யாரு கைய?"

"என் கைய சார். நான் மேல தூக்கி அடிச்சா பின்னாடி இருக்கறவனுக்குத் தெரியும்ல. குச்சி எறங்கும்போது அவன் கால வெச்சிடணும். சத்தத்துக்கு வெயிட் பண்ணக் கூடாது."

செய்து காட்டினான். வலது கையைத் தலைக்கு மேல் நீட்டி, ஒரு கணம் அங்கேயே நிறுத்தி, பிறகு இறக்கினான். அந்த ஒரு கணத்தில்தான் விஷயமே இருக்கிறது. இதோ வரப்போகிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரி பேண்டுகள் ஒரு ஃபுட்பால் மைதானம் முழுக்கப் பரவி நின்று வாசிக்கும்போது காதை நம்பாதே, டிரம் மேஜரின் கையைப் பார் என்றுதான் பழக்குகிறார்கள். இதை நான் அன்றிரவு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் எங்கே படித்தான்?

"எங்க தாத்தா சொல்லுவாரு சார். ஊர்வலத்துல ஜனம் இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் வரும்ல. முன்னாடி ஆடறவன் அடி பாத்து ஆடுவான், பின்னாடி வர்றவன் கை பாத்து ஆடுவான்."

என்ன ஊர்வலம் என்று நான் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளும் கேட்கவில்லை, ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ட்ரையாங்கிள் வைத்திருந்த சின்னப் பையன் இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு ஆட்டம் ஆடினான். சாவு ஊர்வலத்தில் ஆடுகிற ஆட்டம். எல்லோரும் சிரித்தார்கள், பெரிய டிரம்மும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

இங்கே ஒரு சின்ன விலகல். பேண்ட் சென்னைக்குப் புதிதில்லை. கோட்டையில் கும்பெனிப் பட்டாளத்தின் பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசாமி தீட்சிதர் அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவர் குடும்பம் அப்போது மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தது. தம்பி பாலுசாமி வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். நோட்டுஸ்வரம் என்று ஏறக்குறைய 40 உருப்படிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே ஒன்று உண்டு. மயிலாப்பூரில் பாட்டு கிளாஸ் போகும் குழந்தைகள் இன்றும் கற்றுக்கொள்கிறார்கள். ஆக, பட்டாள பேண்டைக் கேட்டு அதில் இசையைக் கண்டுபிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடம் அதில் பட்டாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பேண்ட் நம்மிடம் பி.டி. பீரியடில் இருக்கிறது, இசையில் இல்லை.

தோல் விஷயம் இன்னொன்று. எங்கள் டிரம்களில் தோல் என்று நாங்கள் சொல்வது பிளாஸ்டிக். 1950-களில் அமெரிக்காவில் வந்த கண்டுபிடிப்பு, மழைக்குத் தொளதொளக்காது. எந்த மாட்டின் தோல், யார் உரித்தார்கள் என்ற கேள்வியும் அதோடு போய்விட்டது. மிருதங்கத்தில் அந்தக் கேள்வி போகவில்லை என்பதைத்தான் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) பேசுகிறது. கிரவுண்டில் நின்றுகொண்டு எனக்குத் தோன்றியது: டிரம்மின் தோலை மாற்றிவிடலாம், அடிக்கிற கையைப் பற்றி ஊர் வைத்திருக்கிற ஞாபகத்தை எந்த பிளாஸ்டிக்கால் மூடுவது?

நான்காவது சனிக்கிழமை கேட்டில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். வாட்ச்மேன் என்னைக் காட்டினார்.

"நீதான் கம்ப்யூட்டர் சாரா?"

"ஆமா ஆயா."

"அப்புறம் இன்னாத்துக்கு என் பேரன் கையில குச்சியக் குடுத்துக்கினு நிக்கிற?"

பெரிய டிரம்மின் ஆயா. கோபமாகக்கூட இல்லை, விசாரிக்கிற குரல்தான். கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் வருகிறார்கள் என்று பேரன் வீட்டில் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை எல்லாம் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தெருவில் யாரோ, உன் பேரன் நல்லா அடிக்கிறானே, தாத்தா மாதிரியே என்று சொல்லப்போய் வந்திருக்கிறார்.

"அவுங்க தாத்தா முப்பது வருசம் அடிச்சாரு. கிருஷ்ணாம்பேட்டைக்குப் போற சாவு எல்லாம் அவரு அடிதான். காசு குடுப்பான், குடிக்கக் குடுப்பான். எல்லாம் வாசல்ல வெச்சி. ஒரு வூட்லயும் உள்ள வந்து குந்துன்னு சொன்னது கெடையாது. என் புள்ளைய அதுக்கு வுடலப்பா நானு. ஆட்டோ ஓட்றான். நீ இன்னாடான்னா பேரன் கழுத்துல திரும்ப மாட்டி வுடற."

"ஆயா, இது ஸ்கூல் பேண்டு. சுதந்திர தினத்துக்கு. பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க."

"வந்தா? அதுலயும் கேட்டாண்டதான நிப்பான்?"

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது. மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காக அந்த வருடம்தான் பத்மஸ்ரீ அறிவித்திருந்தார்கள். என் டீமிலேயே இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை பறை கற்றுக்கொள்ளப் போகிறார்கள், ரீல்ஸ் போடுகிறார்கள், ஆண்டுவிழாவில் அடித்தபோது எங்கள் வைஸ் பிரசிடென்ட் எழுந்து நின்று கைதட்டினார். எல்லாம் நல்ல விஷயங்கள்தான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என் டீம் ஆட்கள் திங்கட்கிழமை பறையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு வந்துவிடுவார்கள். கழற்றி வைக்க முடிந்தவர்களுக்கு அது கலை. ஆயாவின் வீட்டில் ஒருவர் கழற்ற முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அவரிடம் போய் உங்கள் பாரம்பரியம் எவ்வளவு உயர்ந்தது தெரியுமா என்று நான் வகுப்பு எடுப்பதா?

அவர் கேட்டது வேறு, ரொம்பத் துல்லியமான கேள்வி. கம்ப்யூட்டர் கிளாஸும் பேண்ட் பிராக்டிஸும் ஒரே நேரத்தில் நடந்தன. பேண்டில் இருக்கும் பதினொரு பேரும் எட்டாம் வகுப்புதான். லேபில் பத்துச் சொச்சம் கம்ப்யூட்டர்கள்தான் ஓடின, எல்லோரையும் உட்காரவைக்க இடம் இல்லை. யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்விக்கு பேண்ட் வசதியான பதிலாக இருந்தது. யாரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. மார்க் பட்டியலைப் பார்த்தாலே போதும், அது தானாக நடந்துவிடும்.

தலைமை ஆசிரியையிடம் போய், பேண்டை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், ஒன்பதரைக்கு அவர்களும் லேபுக்கு வரட்டும், இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும் என்றேன். "எட்டு மணிக்கு இவங்க வருவாங்கன்னு நினைக்கறீங்களா தம்பி?" என்றார். கிண்டல் இல்லை, அனுபவம். பிறகு சரி என்றார்.

ஆகஸ்ட் 9 காலை எட்டு மணிக்குப் பத்து பேர் வந்தார்கள். வராதவன் பியூகிளில் மூன்றாவது ஸ்வரம் பிடித்தவன். காலையில் பேப்பர் போடுகிறான், எட்டரைக்குத்தான் முடியும். அவனுக்கும் சேர்த்து நேரத்தை இன்னும் தள்ளப் பார்த்தேன். மற்ற வகுப்புகள் மோதின. பியூகிள் ஒன்றாகிவிட்டது.

பெரிய டிரம் வந்திருந்தான். "ஆயா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன். "ரெண்டுக்கும் போறியா, போன்னாங்க சார். ஆனா தெருவுல அடிச்சிக் காட்டக் கூடாதுன்னாங்க."

பதின்மூன்றாம் தேதி மாஸ்டர் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், ஆடி முழுக்க அடித்த தோளில் ஒரு பிளாஸ்திரி. ஒரு முறை முழுவதும் அடிக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு முதல் வரிசைப் பெண்ணின் இடது கைக் குச்சியைப் பிடித்து, கட்டைவிரல் இடுக்கில் அரை அங்குலம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். அவள் ரோல் ஒரே நிமிடத்தில் வேறு சத்தமாகிவிட்டது. ஐந்து வாரம் ஆடாசிட்டியில் அந்த ரோலின் முட்கள் ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்பது திரையில் தெரியாது, கட்டைவிரலில்தான் தெரியும். பாடம் தெரிந்த வாத்தியார் என்றால் அதுதான். அவருக்கு வந்த நாளுக்குத்தான் காசு.

"நேரம் நல்லா புடிச்சி வெச்சிருக்கீங்க சார்" என்றார் என்னிடம். பிறகு பெரிய டிரம்மைக் காட்டி, "அவன் அடிக்கறது பேண்ட் அடி இல்ல. கைய அவ்ளோ தூக்கக் கூடாது. ஆனா நிக்குது. விட்டுட்டேன். அடுத்த சீசனுக்கு எங்கூட அனுப்பினீங்கன்னா தேத்திடுவேன்."

"பத்தாவது முடிக்கட்டும் மாஸ்டர்."

"அதுவும் சரிதான்" என்றார். அவர் பையன் தரமணியில் பாலிடெக்னிக் படிக்கிறானாம். டிரம் தொட்டதில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமையா வருத்தமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

சுதந்திர தினத்தன்று விருந்தினர் நாற்பது நிமிடம் தாமதம். நான் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்த ஒரே சலுகை, கார் தெருமுனை திரும்பும்வரை பேண்ட் வேப்பமரத்து நிழலில் உட்காரலாம் என்பது. உட்கார்ந்திருந்தார்கள். அணிவகுப்பின்போது நான் மேடைப் பக்கம் போகாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் அத்தனை தலைகளுக்கும் மேலே ஒரு கை ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. கடைசி வரிசையின் கால்கள் சத்தம் வருவதற்கு முன்பே மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அக்டோபரில் ஒரு நாள் ஜாம் பஜாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஆயா அடையாளம் கண்டு நிறுத்தினார். பேண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல இன்னா பண்றான் அவன்?"

"நல்லா பண்றான் ஆயா. இப்ப டைப்பிங் கத்துக்கறாங்க. கிளாஸ்லயே அவன்தான் வேகம். ரெண்டு கையும் சமமா வருது."

"வராம?" என்றார். "அவன் தாத்தா கை அது."

சொல்லிவிட்டு, என் பையில் இருந்த கத்திரிக்காயை எடுத்துப் பார்த்து, எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஏமாந்துவிட்டாய் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.